தேதி போன ஃபிலிம்: ஒளியைக் கேமராவில் கொடுங்கள், டேங்கில் தேடாதீர்கள்

காலாவதியான கறுப்பு வெள்ளை ஃபிலிம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அலமாரியை ஒழுங்கு செய்தபோது 35 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிம் நான்கு ரோல் கிடைத்தது. ஐஎஸ்ஓ 400. காலாவதி ஆண்டு 2004. தூக்கிப் போட மனசு வரவில்லை. எடுக்கலாமா? எடுத்தால் மீட்டரில் எவ்வளவு வைப்பது?

பதில்: தாராளமாக எடுக்கலாம். பெட்டியில் அச்சிட்ட தேதி ஃபிலிம் சாகும் தேதி கிடையாது. சொன்னபடி பத்திரமாக வைத்திருந்தால் அதுவரை பெட்டியில் போட்ட வேகமும் கான்ட்ராஸ்டும் குறையாமல் கிடைக்கும் என்று தயாரித்தவர் தரும் உத்தரவாதம், அவ்வளவுதான். கலர் ஃபிலிமில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அடுக்கு, அதற்குள் சாயம் உண்டாக்கும் ரசாயனம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கெடும், அதனால்தான் பழைய கலர் ரோலில் நிறங்கள் கண்டபடி வருகின்றன. கறுப்பு வெள்ளையில் ஜெலட்டினும் வெள்ளி உப்புப் படிகங்களும்தான். நன்றாகத் தாங்கும்.

ஆனால் வயசு ஏறினால் மூன்று விஷயம் நடக்கும். ஃபிலிம் முழுக்கச் சாம்பல் மூட்டம் ஏறும், வேகம் குறையும், கான்ட்ராஸ்ட் தளரும். மூட்டம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஒளி படும்போது வெள்ளி உப்புப் படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் கூடி ஒரு புள்ளியாக நிற்கின்றன; அந்தப் புள்ளி இருக்கும் படிகத்தைத்தான் டெவலப்பர் முழு வெள்ளியாக, அதாவது கறுப்பாக, மாற்றுகிறது. சூடு, ஈரம், சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்து, வருடக்கணக்கில், இதே வேலையை ஒளியே இல்லாமல் சில படிகங்களில் செய்துவிடுகின்றன. எது ஒளி பட்ட படிகம், எது வயசான படிகம் என்று டெவலப்பருக்குத் தெரியாது. இரண்டையும் கறுப்பாக்கிவிடும். வேகமான ஃபிலிம் எளிதில் தூண்டப்படும், ஆகவே அதுதான் முதலில் கெடும். ஐஎஸ்ஓ 50, 100, 125 ஃபிலிம்கள் பல பத்தாண்டு கழித்தும் அழகாக வருவதுண்டு. 3200 என்று போட்ட ஃபிலிமில் சில வருடத்திலேயே மூட்டம் தெரிய ஆரம்பித்துவிடும்.

பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளியை இரட்டிப்பாக்குவது) கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. மெதுவான கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அது அதிகம் என்பது என் கருத்து. அறை வெப்பத்தில் கிடந்த 400 ஃபிலிமுக்கு ஆரம்பப் புள்ளியாகச் சரிவரும். உங்கள் ரோலுக்கு அப்படிப் பார்த்தால் இரண்டு ஸ்டாப், ஆக மீட்டரில் 100 வையுங்கள். உறையில் இருக்கும் டிஎக்ஸ் கோடைப் படித்துத் தானாக 400 எடுத்துக்கொள்ளும் கேமரா என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +2 போட்டுவிடுங்கள்.

நான்கு ரோலும் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் இன்னும் நல்லது. ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, நல்ல நிழலும் நல்ல வெளிச்சமும் இருக்கும் ஒரே காட்சியை 400, 200, 100, 50 என்று மாற்றி மாற்றி எடுத்து, வழக்கமான நேரத்துக்கு டெவலப் செய்து, நெகட்டிவில் நிழல் பகுதியை மட்டும் பாருங்கள். நிழலுக்குள் இருக்கும் பொருள் எந்தப் படத்தில் முதலில் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் மிச்ச மூன்று ரோலுக்கும் வேகம்.

கேள்வி: வேகம் குறைந்துபோன ஃபிலிமைப் பெட்டியில் போட்ட ஐஎஸ்ஓவிலேயே எடுத்துவிட்டு, டெவலப் நேரத்தைக் கூட்டி 'புஷ்' செய்தால் சரியாகிவிடும் என்கிறார் என் நண்பர். அப்படியும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஃபிலிம் விஷயத்தில் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெகட்டிவில் நிழல் பகுதி என்பது குறைவாக ஒளி பட்ட இடம். அங்கே போதுமான ஒளி விழவில்லை என்றால் டெவலப் ஆவதற்கு அந்தப் படிகங்களில் எதுவுமே இல்லை. நீங்கள் டேங்கில், அதாவது ஃபிலிமை டெவலப் செய்யும் பாத்திரத்தில், இன்னும் ஐந்து நிமிடம் ஊறவைத்தாலும் இல்லாதது வராது. ஆனால் ஏற்கெனவே நிறைய ஒளி பட்ட வானமும் வெள்ளைச் சுவரும் இன்னும் கறுக்கும், கூடவே மூட்டமும் ஏறும். புது ஃபிலிமைப் புஷ் செய்யும்போது மூட்டம் கொஞ்சம்தான், அதனால் அந்தக் கூடுதல் பெரிதாக உறுத்தாது. பழைய ஃபிலிமில் மூட்டம்தான் முதல் எதிரி, புஷ் செய்வது அதற்குத் தீனி போடுவது.

அளவிலேயே சொல்லிவிடுகிறேன். நெகட்டிவின் அடர்த்தியில் 0.3 என்பது ஒரு ஸ்டாப், அதாவது ஊடுருவும் ஒளியைப் பாதியாக்கும். புதுக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எதுவும் இல்லாத இடத்தில், ஃபிலிமின் சொந்த அடர்த்தியும் மூட்டமும் சேர்ந்து 0.2, 0.3 என்ற அளவில் இருக்கும். மோசமாக வைத்த பழைய ரோலில் இது 0.6 அல்லது அதற்கு மேலும் போகும். ஒரு ஃபிலிமின் வேகத்தை ஐஎஸ்ஓ முறையில் அளப்பதே இந்த அடிமட்டத்துக்கு மேல் 0.1 அடர்த்தி எழுவதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை வைத்துத்தான். மூட்டம் ஏற ஏற அந்த மெல்லிய 0.1 அதற்குள் மூழ்கிப்போகிறது. அதனால் உங்கள் நிழல் விவரங்களை மூட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்த வேண்டும், அதற்கு ஒரே வழி எடுக்கும்போதே அதிக ஒளி கொடுப்பது. இரைச்சலான இடத்தில் பதிவு செய்த பேச்சை அப்புறம் சத்தம் கூட்டிக் கேட்டால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். பேசும்போதே உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

ஆக, எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள், டெவலப் நேரத்தை வழக்கம் போலவே வையுங்கள். சோதனை ரோலில் மூட்டம் குறைவாகவும் படம் சப்பென்றும் வந்தால் மட்டும் நேரத்தைப் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டிப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். மூட்டம் ஏறிய ஃபிலிமில் ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல் போனது போனதுதான்.

கேள்வி: கையில் இருக்கும் ரோலுக்குப் பெட்டியே இல்லை. எந்த வருடத்தது, எங்கே கிடந்தது எதுவும் தெரியாது. ஒரு ரோல்தான் இருப்பதால் சோதனைக்கு விடவும் முடியாது.

பதில்: ஒரு முழு ரோலை விட வேண்டாம், ஒரு சாண் போதும். 35 மி.மீ. என்றால் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு ஏற்கெனவே வெளிச்சம் பட்ட துண்டு. அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டில், அல்லது சேஞ்சிங் பேக் என்னும் ஒளி புகாத பைக்குள், இன்னும் பத்து சென்டிமீட்டர் இழுத்து வெட்டி இரண்டாக்கிக்கொள்ளுங்கள். இப்போது மூன்று துண்டு. இருட்டில் எடுத்த ஒன்றை டெவலப்பரே காட்டாமல் நேராக ஃபிக்ஸரில், அதாவது மிச்சமிருக்கும் வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் கரைசலில், போடுங்கள். இருட்டில் எடுத்த இன்னொன்றை வழக்கம் போல டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள். வெளிச்சம் பட்ட நாக்கையும் அதனுடனேயே டெவலப் செய்யுங்கள். கழுவிக் காயவைத்து மூன்றையும் அச்சடித்த ஒரு பக்கத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

முதல் துண்டு ஃபிலிமின் வெறும் நிறம். இரண்டாவது அதைவிட எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவும் மூட்டம். அதன் வழியாக எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது என்றால் நம்பிக்கையோடு எடுக்கலாம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் எழுத்து தெரிகிறது என்றால் இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். மூன்றாவது துண்டு நல்ல கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். அது இரண்டாவதைவிடக் கொஞ்சம்தான் கறுப்பு என்றால் இந்த ஃபிலிமில் படம் நிற்பதற்கு இடமே மிச்சமில்லை என்று அர்த்தம்.

இன்னொரு லாபமும் உண்டு. முதல் துண்டை ஃபிக்ஸரில் போட்டதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பால் மாதிரி இருக்கும் மேற்பரப்பு முழுக்கத் தெளிய எவ்வளவு ஆகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு, சந்தேகம் இருந்தால் மூன்று மடங்கு நேரம், முழு ரோலையும் ஃபிக்ஸ் செய்யுங்கள். பழைய ஃபிலிமுக்கு அட்டவணையைவிட இந்தச் சோதனையைத்தான் நம்புவேன்.

கேள்வி: பெட்டியில் 'ஏஎஸ்ஏ 200' (ஐஎஸ்ஓவுக்கு முந்தைய வேகக் கணக்கு) என்று போட்ட டிரை-எக்ஸ், அதாவது கோடக்கின் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ரோல் ஒன்று கிடைத்தது. டிரை-எக்ஸ் என்றால் 400 தானே? போலியா?

பதில்: போலி இல்லை, 1960க்கு முந்தைய சரக்காக இருக்கலாம். அந்தக் காலத்து ஏஎஸ்ஏ கணக்கில், படம் எடுப்பவர் ஒளியைக் குறைத்துவிட்டால் காப்பாற்ற, கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப்பைப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1960ல் விதி திருத்தப்பட்டபோது அந்த ஒதுக்கீடு எடுக்கப்பட்டது, ஃபிலிம் மாறாமலேயே எண் ஏறக்குறைய இரட்டிப்பானது, டிரை-எக்ஸ் 200லிருந்து 400 ஆனது. அதனால் பழைய பெட்டியில் இருக்கும் எண்ணிலேயே ஒரு ஸ்டாப் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ஆனாலும் இந்த வயசில் 25க்கு மேல் வைக்க நான் துணியமாட்டேன்.

கேள்வி: பழைய ஃபிலிமுக்கு எந்த டெவலப்பர் நல்லது? ரோடினாலில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் எந்த ஃபிலிமும் வந்துவிடும் என்று சொல்கிறார்களே?

பதில்: மூட்டம் குறைவாகக் கொடுக்கும் டெவலப்பராகப் பாருங்கள். பழைய ஃபிலிமுக்குப் பலரும் நம்பும் பெயர் எச்.சி.-110 (HC-110), நானும் அதையே சொல்வேன். 1:31 என்று கலக்கும் 'பி' கலவையில் நேரம் சின்னதாக முடியும். அது நல்லது, டெவலப்பரில் ஃபிலிம் எவ்வளவு குறைவாக ஊறுகிறதோ அவ்வளவு குறைவாக மூட்டம் வளரும். ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்காதீர்கள், டேங்கில் ஊற்றும்போதும் வடிக்கும்போதும் ஆகும் நேர வித்தியாசமே படத்தில் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். டி-76 கையில் இருக்கிறதா, அதுவும் போதும், மூட்டம் மிதமாக இருக்கும் ரோலுக்கு வேறு தேடி அலைய வேண்டாம்.

ரோடினால் 1891ல் வந்த டெவலப்பர், இன்றும் அதன் வழிவந்தவை விற்பனையில் உள்ளன. 1:100 கலந்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கும் முறை, என்ன ஃபிலிம் என்றே தெரியாத ரோலுக்கு உதவும்: வெளிச்சமான இடங்களில் டெவலப்பர் தீர்ந்துபோய் அங்கே நின்றுவிடும், நிழலில் வேலை தொடரும். ஆனால் மூட்டம் நிழல் அளவுக்கே மெல்லியது. அதற்கும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது, அதுவும் நிதானமாக வளரும். சோதனைத் துண்டில் மூட்டம் பலமாகத் தெரிந்த ஃபிலிமுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். 35 மி.மீ. என்றால் ஓரத்துத் துளைகளிலிருந்து கோடு கோடாக இறங்கும் வாய்ப்பும் உண்டு.

மூட்டம் ரொம்ப மோசம் என்றால் பென்சோட்ரையசோல் சேர்க்கலாம். இது டெவலப்பரைக் கட்டுப்படுத்தும் மருந்து, லேசாகத் தூண்டப்பட்ட படிகங்களை, அதாவது மூட்டத்தை, முதலில் தடுக்கும். ஒரு கிராமை 100 மி.லி. சூடான தண்ணீரில் கரைத்து 1 சதவீதக் கரைசலாக வைத்துக்கொண்டு, கலந்து தயாராக இருக்கும் டெவலப்பரில் லிட்டருக்கு 10 மி.லி. என்று ஆரம்பியுங்கள். பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது இலவசமாகக் காப்பாற்றாது. ஃபிலிமின் வேகத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆகவே இதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால் எடுக்கும்போதே இன்னும் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள்.

வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் நாளில், டெவலப்பர் பாத்திரத்தை ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்திக் குளிர வைத்துவிட்டு, ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றையும் முடிந்தவரை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பழைய எமல்ஷன்கள், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சுகள், இன்றைய ஃபிலிம் அளவுக்குக் கெட்டிப்படுத்தப்பட்டவை இல்லை. குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்குப் போனால் ஜெலட்டின் சுருங்கி வலை மாதிரி வெடித்துவிடும், அதைத் திருத்தவே முடியாது. ஈரமாக இருக்கும்போது விரலால் வழிக்கவும் கூடாது.

கேள்வி: டெவலப்பரே காலாவதியானதாக இருந்தால்?

பதில்: பழைய ஃபிலிமும் பழைய டெவலப்பரும் ஒன்றாகச் சேரக் கூடாது. தப்பு எதில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரோடினால் கறுத்துப்போனாலும் பெரும்பாலும் வேலை செய்யும். எக்ஸ்டால் அப்படி இல்லை, பார்க்கத் தெளிவாக இருக்கும்போதே செத்திருக்கும். கலந்துவைத்த டி-76 நிரம்பிய, இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம். ஃபிக்ஸரில் அடியில் வெளிறிய மஞ்சள் தூள் படிந்திருந்தால் கொட்டிவிடுங்கள். எந்தச் சந்தேகம் இருந்தாலும் மேலே சொன்ன வெளிச்சம் பட்ட நாக்கை முதலில் டெவலப்பரில் போட்டுப் பாருங்கள். கறுத்தால் டேங்குக்குப் போகலாம்.

கேள்வி: பழைய 120 ரோல் எடுத்தேன். படம் வந்திருக்கிறது, ஆனால் வானத்தில் வெளிறிய எண்களும் வட்டங்களும் தெரிகின்றன. கேமராவின் சிவப்பு ஜன்னல் வழியாக ஒளி புகுந்துவிட்டதா?

பதில்: எண்கள் படிக்கும்படி தெரிகின்றன என்றால் ஜன்னல் மேல் பழி போட வேண்டாம். 120 ஃபிலிம் பின்காகிதத்தோடு இறுகச் சுற்றிக் கிடக்கிறது. வருடக்கணக்கில், அதிலும் ஈரம் பட்டால், காகிதத்தில் அச்சிட்ட மை அடுத்த சுற்றில் தன்மேல் படிந்திருக்கும் எமல்ஷனைப் பாதிக்கிறது. அந்த எண்ணும் வட்டமும் அப்படியே பதிகின்றன. புள்ளி புள்ளியாகத் தேமல் போல வருவதும் ஈரத்தின் வேலைதான். ஒளி புகுந்திருந்தால் கலங்கிய கறை வரும், படிக்கும்படி எழுத்து வராது.

எடுத்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை, ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாகத் துடைக்கலாம், அவ்வளவுதான். அதே பெட்டியில் இன்னும் ரோல் இருந்தால் வானம், வெற்றுச் சுவர், மூடுபனி மாதிரி ஒரே சீரான பரப்பு இருக்கும் காட்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். மரக்கிளைகள், பாறை, இடிந்த சுவர், கூட்டம் என்று நிறைய விவரம் இருக்கும் காட்சியில் எண் இருப்பதே கண்ணில் படாது. நிறையப் பேர் இந்தக் கறைகளையே அழகு என்று சொல்லி எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேதி போன ஃபிலிமிலும் நல்ல நிழலும் நல்ல சாம்பலுமாக ஒரு முழுமையான படம் எடுக்க முடியும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

கேள்வி: தாத்தாவின் பழைய கேமராவுக்குள் ஒரு ரோல் இருக்கிறது, பாதிக்கு மேல் எடுத்திருக்கிறார். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அதில் ஏதாவது மிஞ்சியிருக்குமா?

பதில்: மிஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில், கேமராவை வெளிச்சத்தில் திறக்காதீர்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், ஆர்வத்தில் யாராவது திறந்துவிடுவார்கள்.

1897ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே என்பவர் இரண்டு தோழர்களோடு பலூனில் வட துருவம் நோக்கிப் புறப்பட்டார். பலூன் பனியில் இறங்கிவிட்டது, மூவரும் திரும்பவில்லை. 1930ல் குவித்தோயா என்ற தீவில் அவர்களுடைய எச்சங்களோடு ஃபிலிம்களும் கிடைத்தன. 33 வருடம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த அந்த ஃபிலிம்களை ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற நிபுணர் டெவலப் செய்தார். 240 படங்களில் 93 மீண்டன. பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்களும் அந்தப் படங்களில் தெரிகிறார்கள். குளிர் பெரிய துணையாக இருந்தது, அதோடு, முதலில் கையில் எடுத்தவர் அவசரப்படவில்லை.

உங்கள் ரோலில் சிக்கல் என்னவென்றால், கேமராவில் அதிக ஒளி கொடுக்கும் வாய்ப்பு முடிந்துபோய்விட்டது. தாத்தா கொடுத்த ஒளிதான். அதிலும் பதிந்த படம் வருடம் போகப் போகத் தானாகவே மெலியும். ஆகவே மூட்டத்தை அடக்குவது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது: எச்.சி.-110, பென்சோட்ரையசோல், 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த டெவலப்பர். குளிருக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுற்றும் திருகு இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், பழைய ஃபிலிம் நொறுங்கும். முழு இருட்டில் பின்பக்கத்தைத் திறந்து கையாலேயே மெதுவாகச் சுற்றி எடுங்கள். வேகமாக உருவினால் நிலைமின்சாரம் உண்டாகி மின்னல் கோடுகள் பதியும். சுருண்டு அடம்பிடிக்கும் ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஏறாவிட்டால் கொஞ்ச நேரம் வேறு ரீலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி இருட்டில் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ரீல் எலும்பு காய்ந்தது போல உலர்ந்திருக்க வேண்டும். டெவலப்பருக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் அதே வெப்பநிலைத் தண்ணீரில் ஊறவிட்டால் ஜெலட்டின் சீராக உப்பும்.

முடிந்தால் முதலில் அதே வகைப் பழைய வெற்று ரோல் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் இந்த முறையை ஓட்டிப் பாருங்கள். முன்பின் டேங்கில் கைபழகாதவர் என்றால் இந்த ரோலில் பழகாதீர்கள், பழைய ஃபிலிமைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிமாக இருந்தால் அடித்தளம் நைட்ரேட்டாக இருக்கலாம், அது சுலபமாகத் தீப்பிடிக்கும், சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

கேள்வி: எடுத்து முடித்த ரோல்களைச் சேர்த்துவைத்து ஒன்றாக டெவலப் செய்வது என் பழக்கம். காலாவதியான ஃபிலிமுக்கு இது பரவாயில்லையா?

பதில்: கூடாது. மேலே சொன்ன மெலிதல் உங்கள் ரோலுக்கும் பொருந்தும். புது ஃபிலிமிலேயே சில வகைகள் பொறுக்காது, பான் எஃப் பிளஸ் எடுத்தால் மூன்று மாதத்துக்குள் டெவலப் செய்யச் சொல்லி இல்ஃபோர்ட் நிறுவனமே அறிவுறுத்துகிறது. பழைய ரோலை எடுத்து முடித்த வாரமே டேங்கில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த ஃபிலிமுக்கு வயசே ஆகாது என்கிறார்களே?

பதில்: ரொம்ப மெதுவாக ஆகும். குளிர், சூட்டையும் ஈரத்தையும் நிறுத்தும், கதிர்வீச்சை நிறுத்தாது. 100, 125 ஃபிலிம் ஃப்ரீசரில் இருபது வருடம் இருந்தாலும் பெட்டியில் போட்ட வேகத்துக்குப் பக்கத்திலேயே எடுக்கலாம். 3200 ஃபிலிமை ஃப்ரீசரும் காப்பாற்றாது. எடுத்தவுடன் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், உள்ளே ஈரம் வேர்த்துவிடும். முந்தின இரவே எடுத்து வெளியே வைத்துவிட்டுக் காலையில் பிரியுங்கள். விமானத்தில் கொண்டுபோனால் கையோடு வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேக்குப் பதில் கையால் சோதிக்கும்படி கேளுங்கள், புதிதாக வரும் சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமுக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: கோடக்ரோம் என்ற பழைய கோடக் கலர் ஸ்லைடு ஃபிலிம் ரோல் ஒன்று இருக்கிறது. கலரில் கழுவ ஆள் இல்லை என்கிறார்கள். கறுப்பு வெள்ளையாகக் கழுவலாமா?

பதில்: கழுவலாம், இப்போது அது ஒன்றுதான் வழி. கோடக்ரோமைக் கடைசியாகக் கழுவிக்கொண்டிருந்த ட்வெயின்ஸ் ஃபோட்டோ 2010 டிசம்பர் 30 வரைதான் ரோல்களை வாங்கியது. கறுப்பு வெள்ளை டெவலப்பரில் நெகட்டிவ் கிடைக்கும். இரண்டு தொந்தரவு உண்டு. ஃபிலிமின் பின்பக்கம் ஒரு கறுப்புக் கரிப் பூச்சு இருக்கும், வெங்காரம் அல்லது சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இளகவைத்து, எமல்ஷன் பக்கம் படாமல் ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். இன்னொன்று, உள்ளே நுண்ணிய வெள்ளியால் ஆன ஒரு மஞ்சள் வடிகட்டி அடுக்கு இருக்கிறது, கறுப்பு வெள்ளை முறையில் அது வெளியேறாது. நெகட்டிவ் மஞ்சள் பழுப்பாக, அடர்த்தியாக வரும். ஸ்கேன் செய்தால் படம் தெரியும். இன்னும் எடுக்காத ரோல் என்றால் நான் அதில் நேரம் செலவிடமாட்டேன்.

கேள்வி: சொன்னபடி எல்லாம் செய்தும் நெகட்டிவ் சாம்பலாகத்தான் வந்திருக்கிறது. ஃபார்மர்ஸ் ரெட்யூசர் போட்டு மூட்டத்தைக் கரைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூட்டம் படம் முழுக்க ஒரே சீராக இருந்தால் அது பார்வைக்குத்தான் பயமுறுத்தும். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு எல்லையை மூட்டத்தின் அளவுக்கு நகர்த்தினால் பெரும்பகுதி மறைந்துவிடும். என்லார்ஜரில் அச்சிட்டால் வெளிச்ச நேரம் கூடும், ஒரு படி, ஒன்றரைப் படி அதிகக் கான்ட்ராஸ்ட் காகிதம் தேவைப்படும். தூக்கிப் போட இருந்த நெகட்டிவிலிருந்து அருமையான அச்சு வருவதை இப்படிப் பார்க்கலாம்.

ரெட்யூசர் 1883லிருந்து இருக்கும் முறை, பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் (ஃபிக்ஸரில் இருக்கும் உப்பு) சேர்ந்து வெள்ளியைக் கரைக்கும். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு கரைப்பதால் மூட்டம் குறையும், உண்மைதான். ஆனால் நிழலில் இருக்கும் மெல்லிய விவரமும் அதே அளவுதான் இருக்கிறது, அதுவும் கூடவே போய்விடும். அதிக ஒளி கொடுத்து எடுத்த நெகட்டிவ் என்றால் நிழலில் கையிருப்பு இருக்கும், அதற்கு இதைச் செய்து பார்க்கலாம். அப்போதும் முதலில் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டாத ஒரு படத்தைத் தனியே வெட்டி, மிகவும் நீர்த்த கரைசலில், வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். நீங்கள் நினைத்த அளவு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும், கழுவும்போதும் அது கொஞ்சம் கரையும்.